மீட்புச் சுழியோடிப் பயிற்சி: கடற்கரைத் தொழில் செய்வோர் எதை எதிர்பார்க்கலாம்?

2009ஆம் ஆண்டு யுத்தம் முடிவுற்றதன் பின்னர் நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா, கற்பிட்டி ஆகிய கரைகளில் எமது சகோதரர்கள் பலரும் உல்லாசப் பயணத் தொழிலில் முதலிட்டிருக்கின்றனர். முதலில் நான்கு அறைகளுடன் ஒரு விடுதி, பிறகு புறாமலைக்கு ஆள் ஏற்றும் படகு, அதன் பின் நீச்சல் கண்ணாடி வாடகைக்கு விடும் கொட்டில் என்று படிப்படியாக வளர்ந்தவர்கள் இவர்கள். இப்போது அடுத்த படியாக, சிலிண்டர் கட்டிக் கடலடிக்கு ஆள் இறக்கும் நிலையம் தொடங்குவது பற்றிப் பேசுகின்றனர். நிலாவெளியில் நானும் சிறிய அளவில் இத்தொழிலில் இருக்கிறேன். எனது ராத்தாவின் மகனுடன் சேர்ந்து மீட்புச் சுழியோடிப் பயிற்சிநெறியை முடித்திருக்கிறேன். இதனால் கடையிலும் பள்ளிவாசல் முன்றலிலும் பலர் என்னிடம் விசாரிக்கின்றனர். எத்தனை நாள், எவ்வளவு கஷ்டம், செலவழித்த காசு திரும்புமா என்பவைதான் கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை விட இப்பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது என்று நினைத்தேன்.

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தைக் களைய வேண்டும். மீட்புச் சுழியோடி அட்டை கையில் கிடைத்த மறுநாள் வெள்ளைக்காரரைக் கடலடிக்குக் கூட்டிச் சென்று காசு வாங்கலாம் என்று சிலர் நம்புகின்றனர். அது சரியல்ல. இத்துறையில் 1966இல் அமெரிக்காவில் ஆரம்பிக்கப்பட்ட 'பாடி' என்ற அமைப்பின் சான்றிதழ்தான் எமது கரைகளில் அதிகம் வழங்கப்படுகிறது. (பெயருக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள் அவை.) அதன் ஏணியில் முதற்படி ஆரம்பச் சுழியோடி, இரண்டாவது உயர்நிலைச் சுழியோடி, மூன்றாவதுதான் மீட்புச் சுழியோடி. அதற்கு மேலே உள்ள 'டைவ் மாஸ்டர்' தரத்துக்கு வந்தவரே வாடிக்கையாளரை வழிநடத்தலாம். அதற்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், பதிவேட்டில் குறைந்தது 60 சுழியோட்டங்கள் இருக்க வேண்டும். மீட்புப் பயிற்சி இல்லாமல் அந்தப் படிக்கு ஏற முடியாது. ஆகவே தொழில் நோக்கில் பார்த்தால் இது வாசற்கதவு மாத்திரமே, கல்லாப்பெட்டி அல்ல.

அப்படியிருந்தும், நிலையம் நடத்தப்போகும் முதலாளி தானே இதைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. சம்பளத்துக்கு ஆள் வைத்தால் போதாதா என்று ஒரு ஹாஜியார் கேட்டார். கணக்காளரை வைத்திருக்கிறோம் என்பதற்காக எந்த முதலாளியும் கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் விடுவதில்லை. கடலடிக்குள் போகும் வாடிக்கையாளர் தன் உயிரை எங்களிடம் அமானிதமாகத் தந்துவிட்டுத்தான் இறங்குகிறார். அந்த அமானிதத்தை எப்படிப் பேணுகிறார்கள் என்பது முதலாளிக்குத் தெரியாவிட்டால், படகோட்டி சொல்வதையும் பயிற்றுனர் சொல்வதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பயிற்சியில் சேருவதற்கு ஆகக் குறைந்த வயது 12. உயர்நிலைச் சான்றிதழோ, அதற்குச் சற்றுக் கீழான தரத்துடன் திசையறிகருவி கொண்டு நீருக்கடியில் வழிகாணும் சுழியோட்டமோ முடித்திருக்க வேண்டும். முதலுதவியும் இதய நுரையீரல் மீளுயிர்ப்பும் கடந்த 24 மாதங்களுக்குள் பயின்றிருக்க வேண்டும். இல்லாதவர்களுக்கு அதே நிலையத்தில் ஒரு நாளில் முடித்துத் தருவார்கள். ஆனால் அதற்குத் தனிக் கட்டணம். விளம்பரத்தில் காணும் விலையில் அது அடங்கியிருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து மருத்துவப் படிவம். எமது வியாபாரிகள் பலருக்கு இங்குதான் சிக்கல் வரும். ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு, காது சத்திரசிகிச்சை, சீனி வருத்தம் எல்லாவற்றையும் அதில் கேட்பார்கள். 45 வயதைத் தாண்டியவராயின் புகைத்தல், கொலஸ்ட்ரோல், பிரஷர், குடும்பத்தில் மாரடைப்பு வந்த வரலாறு பற்றியும் கேட்பார்கள். ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்று வந்தால் வைத்தியரின் கையொப்பம் வேண்டும். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று கோடு கீறிவிட்டுப் போகும் பழக்கம் எமது ஆட்களிடம் உண்டு. பாஸ்போட் படிவத்தில் கூட அப்படிச் செய்யக்கூடாது. மூச்சு நிற்கும் இடத்தில் செய்யலாமா?

பயிற்சி பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு நாட்கள். பாடப் பகுதி ஐந்து அத்தியாயங்கள், இறுதியில் ஒரு எழுத்துப் பரீட்சை. சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவரும் பயப்படத் தேவையில்லை. நூலில் உள்ளவை எல்லாம் வாழ்க்கையில் கண்ட விடயங்களே. கடல் நீரில் 10 மீற்றர் இறங்கினால் அமுக்கம் இருமடங்காகும், பலூனில் உள்ள காற்று பாதியாகச் சுருங்கும். மேலே வரும்போது இதற்கு எதிர்மாறாக நடக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக மேலே வருபவரின் நுரையீரல் என்னவாகும் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மனப்பதற்றத்தை இனங்காணுவது. கடல் விபத்துக்களின் வேர் பெரும்பாலும் படகிலேயே முளைத்துவிடுகிறது. கரையில் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர் படகில் திடீரென மௌனமாகிறார். இன்னொருவர் பட்டியை மூன்றாம் தடவையாகக் கழற்றிப் பூட்டுகிறார். வேறொருவர் தேவையில்லாமல் சிரிக்கிறார், அல்லது 'கண்ணாடி சரியில்லை' என்று குறை சொல்லி இறங்குவதைத் தாமதிக்கிறார். மற்றவர்கள் முன்னிலையில் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்ல எவருக்கும் வெட்கம். மீட்புச் சுழியோடி இதைக் கண்டுகொண்டு, அவருக்குக் கௌரவக் குறைவில்லாமல் 'இன்று உங்களுக்கு வேண்டாம், நாளை பார்ப்போம்' என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இதில் எமது வியாபாரிகளுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. துணிக்கடைக்குள் நுழைபவர் வாங்க வந்தவரா, விலை கேட்க வந்தவரா என்று முகத்தைப் பார்த்தே சொல்பவர்கள் நாங்கள். அந்தப் பார்வை இங்கும் உதவும்.

தண்ணீருக்குள் நடப்பவை வேறு ரகம். நீச்சல் தடாகத்தில் அல்லது ஆழமில்லாத கடலில் பத்துப் பயிற்சிகள் செய்யவேண்டும். முதலாவது களைத்துப்போனவரை இழுத்து வருவது. அது இலேசு. இரண்டாவது, பீதியடைந்தவரைக் கையாளுவது. எங்கள் பயிற்றுனர் காலியைச் சேர்ந்த ஒரு சிங்கள இளைஞர். கரையில் 'நானா, நானா' என்று மரியாதையாக அழைப்பவர், இந்தப் பயிற்சி ஆரம்பித்ததும் வேறு மனிதராகிவிட்டார். கண்ணாடியைப் பிடுங்கி எறிந்து, கைகளால் தண்ணீரை அடித்துக்கொண்டு எங்கள் தலை மேல் ஏற வந்தார். உண்மையில் பீதியடைந்தவர் அப்படித்தான் செய்வார். தனக்கு உதவ வந்தவரையே படியாக மிதித்து மேலே ஏறப் பார்ப்பார். அங்கே நட்பு, நன்றி என்பதெல்லாம் கிடையாது.

இதற்குப் பாடம் சொல்லும் முறை இதுதான். முதலில் எட்டாத தூரத்தில் நின்று உரத்த குரலில், குறுகிய சொற்களில், சட்டைக்குக் காற்று ஏற்றவும் ஈயக் கட்டிகளைக் கழற்றி விடவும் சொல்ல வேண்டும். பலர் குரல் கேட்டதுமே சுயநினைவுக்கு வந்துவிடுவார்கள். கேட்காவிட்டால் மிதவையை எறிய வேண்டும். அதுவும் முடியாவிட்டால் பின்புறமாக வந்து சிலிண்டரை இரு முழங்கால்களுக்கும் இடையில் இறுகப் பிடித்துக்கொண்டு, அவரது காற்றுச் சட்டையை நாமே நிரப்ப வேண்டும். முன்பக்கமாக நெருங்கக் கூடாது. அப்படியும் கட்டிப்பிடித்து விட்டால் மேலே போக முயலாமல், ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டு கீழே அமிழ வேண்டும். அவர் தேடுவது காற்றை. நாம் தண்ணீருக்குள் போனால் கையை விட்டுவிடுவார். கேட்க இலகு. 80 கிலோ மனிதன் கழுத்தைப் பிடிக்கும்போது கீழே போவதற்கு உடம்பு சம்மதிக்காது. திரும்பத் திரும்பச் செய்தே உடம்புக்குப் பழக்க வேண்டும். எங்களுக்கு இந்த ஒரு பயிற்சியிலேயே காலை நேரம் முழுவதும் போனது. லுஹருக்குக் கரையேறியபோது கால் நடுங்கியது.

அதைவிடக் கடினமானது சுயநினைவற்றவரை மீட்பது. கடலடியில் அசையாமல் கிடப்பவரை அணுகி, ரெகுலேட்டர் வாயில் இருந்தால் அது விழாமல் பிடித்துக்கொண்டு மேலே கொண்டு வரவேண்டும். வாயில் இல்லாவிட்டால் அதைப் புகுத்த முயன்று நேரத்தை வீணாக்கக் கூடாது. மேற்பரப்பில் அவரை நிமிர்த்தி, ஈயத்தைக் கழற்றி, காற்றுச் சட்டையை நிரப்பி, உதவி கேட்டுச் சத்தமிட்டு, மூச்சிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சில்லையாயின் முதலில் இரண்டு முறை ஊதி, அதன்பின் ஐந்து செக்கனுக்கு ஒரு முறை செயற்கைச் சுவாசம் கொடுத்தபடியே படகை நோக்கி இழுத்துச் செல்ல வேண்டும். இடையில் கிடைக்கும் அந்த ஐந்து செக்கன்களுக்குள்தான் அவரது உபகரணங்களையும் எமது உபகரணங்களையும் ஒவ்வொரு பட்டியாகக் கழற்ற வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். எண்ணிக்கை பிந்தக் கூடாது, முகத்துக்குள் தண்ணீர் போகக் கூடாது. நெஞ்சை அழுத்தும் சிகிச்சையைத் தண்ணீருக்குள் செய்ய முடியாது என்பதால் சீக்கிரம் படகில் ஏற்ற வேண்டும்.

இந்த இடத்தில்தான் எமது படகுகளின் நிலை தெரியவரும். மீன்பிடிக்காகச் செய்த பைபர் படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏணி கிடையாது, பக்கச்சுவரும் உயரம். நல்ல நினைவோடு இருப்பவரே மூச்சு வாங்கி ஏறவேண்டிய இடத்தில், நனைந்த மூட்டை போலிருக்கும் ஒருவரை எப்படி ஏற்றுவது? கயிற்றை அவருக்குக் கீழால் சுற்றி உருட்டி ஏற்றும் ஒரு முறையைக் கற்றுத் தந்தார்கள். படகில் இருவர் நின்றால்தான் அது முடியும். புறாமலைக்கு ஓட்டி ஒருவரை மட்டும் வைத்து ஓடும் படகுகளை நாம் தினமும் காண்கிறோம். மூழ்கிப் பார்க்க வருவோரை ஏற்றாமல் சும்மா நீந்துவோரை ஏற்றுபவருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும்.

காணாமற் போனவரைத் தேடும் பயிற்சியும் உண்டு. கடைசியாகக் கண்ட இடத்தை உடனே மிதவையால் அடையாளமிட்டு, திசையறிகருவியின் உதவியோடு சதுரமாக விரிந்து விரிந்து, அல்லது நேர்கோடாகப் போய்த் திரும்பித் தேடுவார்கள். என்னைக் கேட்டால், தேடுவதை விட எண்ணுவது பெரியது. 1998 ஜனவரியில் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளப்பாறைக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ஒரு படகு, கடலுக்குள் இருந்த அமெரிக்கத் தம்பதியரை விட்டுவிட்டுக் கரை திரும்பியது. தலைகளை எண்ணியதில் பிழை. இரண்டு நாட்களுக்குப் பிறகே, அவர்களது பை படகில் இருப்பதைக் கண்டு விடயம் வெளிவந்தது. அவர்கள் கிடைக்கவேயில்லை. நிறுவனம் வழக்கில் தண்டப்பணம் செலுத்தியது, தொழிலும் போயிற்று. ஐந்து ரூபா மிச்சம் பிந்தினால் இரவெல்லாம் கணக்குப் பார்க்கும் நாம், ஏற்றியவரையும் இறக்கியவரையும் ஒரு பலகையில் பெயர் எழுதிக் கோடு போட எவ்வளவு நேரமாகும்?

அடுத்தது அமுக்க நோய். கிண்ணியா, மூதூர், கற்பிட்டி, சிலாவத்துறைப் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடலட்டைக்கு மூழ்கி, இடுப்புக்குக் கீழே உணர்விழந்து கோலூன்றி நடப்பவரை அப்பக்கம் பலரும் பார்த்திருப்பார்கள். ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் உடம்பில் கரைகிறது. ஆறுதலாக மேலே வந்தால் மூச்சோடு வெளியேறும். அதிக ஆழம், அதிக நேரம், ஒரு நாளில் பல தடவை, அவசரமாக மேலேறல் என்றால் குமிழியாகி நரம்பையும் மூட்டையும் தாக்கும். மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் புள்ளி, அளவுக்கு மிஞ்சிய களைப்பு என்பன அறிகுறிகள். எமது அட்டைத் தொழிலாளரிடம் ஒரு வைத்தியம் உண்டு. வலி வந்தால் மீண்டும் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கீழே போவது. சற்று நேரம் சுகமாக இருக்கும், பிறகு நிலைமை மோசமாகலாம். பயிற்சியில் இதைக் கண்டிப்பாகத் தடுக்கிறார்கள். செய்ய வேண்டியது, நோயாளியைப் படுக்க வைத்துச் சுத்தமான ஒட்சிசன் கொடுத்து, அமுக்க அறை உள்ள வைத்தியத்துக்கு அனுப்புவது. திருகோணமலையில் கடற்படையினரிடம் அத்தகைய அறை இருக்கிறது. நிலையம் நடத்துபவர் தொலைபேசி இலக்கத்தைப் பருவம் தொடங்குமுன் எடுத்து, அது வேலை செய்கிறதா என்று அழைத்தும் பார்த்திருக்க வேண்டும்.

விடுதிக்காரருக்கும் வேன்காரருக்கும் இதோடு ஒட்டிய ஒரு விடயம் உண்டு. பல தடவை சுழியோடியவர் குறைந்தது 18 மணித்தியாலம் விமானம் ஏறக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். மலையேறுவதும் அதே வகைதான் என்பது தெரியாது. காலையில் நிலாவெளியில் இரண்டு தடவை மூழ்கிவிட்டு, பிற்பகல் வேனில் ஏறி நுவரெலியாவுக்குப் போகும் உல்லாசப் பயணிகள் இருக்கின்றனர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர். அப்படிப்பட்டவருக்கு இன்னொரு இரவு தங்கும்படி சொல்வது எமக்கு வியாபாரம், அவருக்குப் பாதுகாப்பு. இப்படி இரு பக்கமும் ஹலாலான ஆலோசனை எல்லா நாளும் கிடைப்பதில்லை.

எமது ஆட்கள் கேட்கும் வேறு சில விடயங்கள். மீசை தடித்திருந்தால் கண்ணாடிக்குள் தண்ணீர் வரும். கத்தரித்துக்கொண்டால் சரி, அது எப்படியும் சுன்னத்துத்தானே. தாடியால் பெரிய தொந்தரவு இல்லை. உடை கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் றப்பர் உடை. பெண்கள் பயில்வதாயின் பெண் பயிற்றுனர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே விசாரிக்கலாம். ஜும்ஆவுக்கு நேரம் கேட்டால் நல்ல நிலையங்கள் மறுப்பதில்லை. நோன்பு மாதத்தில் மாத்திரம் இப்பயிற்சியை வைத்துக்கொள்ள வேண்டாம். உடம்பில் நீர் குறைவது அமுக்க நோய்க்கு வழிவிடும் காரணங்களில் ஒன்று. கிழக்கில் மே முதல் செப்டெம்பர் வரை கடல் தெளிவு. கற்பிட்டி, கொழும்பு, ஹிக்கடுவைப் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை.

செலவைப் பற்றி நான் ரூபாவில் எழுதவில்லை. காரணம், நூலுக்கும் சான்றிதழுக்கும் வெளிநாட்டுக்கு டொலரில் செலுத்துகிறார்கள். 2022இல் டொலர் என்ன செய்தது என்று எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விலை கேட்கும்போது நூல், சான்றிதழ், படகு, உபகரண வாடகை, முதலுதவிப் பயிற்சி ஐந்தும் அடக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆகக் குறைந்த விலை சொல்பவரிடம் போய் இரண்டு விடயங்களைப் பாருங்கள். ஒன்று, சிலிண்டரின் கழுத்தில் குத்தியிருக்கும் பரிசோதனைத் திகதி. நீரமுக்கப் பரிசோதனை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டும் என்பது பொது வழக்கம். மற்றது காற்று நிரப்பும் இயந்திரம். அது காற்றை உள்ளிழுக்கும் குழாயின் அருகே என்ஜின் புகை வந்தால், கடலடியில் சுவாசிப்பது காபனோரொட்சைட்டை. வடிகட்டியை எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். புத்தகத்தைத் திறந்து திகதி காட்டுபவரிடம் பணத்தைக் கட்டலாம். சிரிப்பவரிடம் வேண்டாம். காப்புறுதியையும் பாருங்கள். சாதாரண விபத்துக் காப்புறுதிப் பத்திரங்களில் சுழியோட்டம் விலக்கப்பட்டிருக்கலாம். சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

முத்துக்குளித்த காலத்தில் மேலே கயிறு பிடிப்பதற்கு மச்சானைத்தான் நிறுத்துவார்கள், தங்கை விதவையாகாமல் இருக்க அவன் கயிற்றை விடமாட்டான் என்று எங்கள் மூத்தோர் சொல்வதுண்டு. இப்போது கடலுக்குள் இறங்குபவர் எந்த நாட்டாரோ, மேலே நிற்பவர் எந்த ஊராரோ. கயிறு பிடிக்கும் அக்கறையைப் பயிற்சியால்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது.

கடைசி நாளில் இரண்டு பாவனைச் சம்பவங்கள் நடத்துவார்கள். எப்போது, எங்கே என்று சொல்லமாட்டார்கள். நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கடலில் இருந்து கூக்குரல் வந்தது. மருமகன் கோப்பையை வைத்துவிட்டு ஓடினான். நான் மிதவையையும் ஒட்சிசன் பெட்டியையும் எடுத்தேன், படகோட்டி நேரத்தைக் குறித்தார். முடிந்த பின் பயிற்றுனர் ஒவ்வொரு நிமிடத்தையும் கேள்வி கேட்டார்.

பயிற்சிக்குப் பிறகு எங்கள் இரு படகுகளுக்கும் கழற்றிப் பூட்டக்கூடிய இரும்பு ஏணி செய்வித்தோம். ஒட்சிசன் பெட்டி ஒன்று, பெயர்ப் பலகை ஒன்று, படகுக்கு இரண்டாவது ஆள். ஏணியைக் கிண்ணியாவில் ஒரு வெல்டிங் கடையில் செய்தோம். அளவு வேண்டுபவர் கடைக்கு வந்தால் கடதாசியில் கீறித் தருகிறேன். மருமகனின் பதிவேட்டில் இப்போது 41 சுழியோட்டங்கள் இருக்கின்றன. மாரி கழிந்து கடல் தெளிந்ததும், இன்ஷா அல்லாஹ், மிகுதிப் பத்தொன்பதையும் முடித்துவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போகிறான்.